ஒன்பது நாள் விழாவும் நம் மண்டகப்படியும்

காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. மும்பைக் கோட்டைப் பகுதியில், நம் பல்கலைக்கழகத்தின் இராசாபாய் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வட்டாரத்துக்கு இந்தப் பெயர் வந்த கதை சுவையானது. வேல்ஸ் இளவரசராய் இருந்த ஏழாம் எட்வர்டு குதிரைமேல் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை ஒன்று 1879-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது. மக்கள் இளவரசரை மறந்தனர்; குதிரையை மறக்கவில்லை. 1965-ஆம் ஆண்டில் சிலையை அகற்றினார்கள். அது பைகுலாவில் உள்ள விலங்குக் காட்சிச்சாலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் குதிரை இல்லாமலே குதிரையின் பெயர் நிலைத்து நின்றது. 2017-ஆம் ஆண்டில்தான் மேலே ஆள் இல்லாத புதிய குதிரை ஒன்று அங்கே வந்தது.

மக்கள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடும் அறிவுடையவர்கள் என்பதற்கு இந்தப் பெயரே சான்று. அந்த அறிவு, அதே தெருவில் ஆண்டுதோறும் நடக்கும் கலை விழாவின்போது மட்டும் நம்மைவிட்டு எங்கே போய்விடுகிறது? இதுதான் நம் மன்றத்து நண்பர்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி.

1999-ஆம் ஆண்டில் தொடங்கிய காலா கோடா கலை விழாவைப் பற்றி இங்கே படிக்கும் மாணவர்க்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சனவரியின் பிற்பகுதியிலோ பிப்ரவரியின் முற்பகுதியிலோ ஒரு சனிக்கிழமை தொடங்கி, அடுத்த ஞாயிறு வரை ஒன்பது நாள் நடப்பது வழக்கம். ஓவியம், சிற்பம், இசை, நடனம், நாடகம், இலக்கியம், திரைப்படம், பழங்கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் நடை, சிறுவர்க்கான பயிற்சி எனப் பத்துக்கும் மேற்பட்ட பிரிவுகள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ராம்பார்ட் ரோ என்று பழகிப்போன தெருவில் வண்டிகள் நின்றுபோய், சிலைகளும் உருவங்களும் நடுத்தெருவில் நிற்கும். டேவிட் சசூன் நூலகத்தின் தோட்டத்தில் எழுத்தாளர்கள் பேசுவார்கள். கிராஸ் மைதானத்தில் ஆட்டமும் பாட்டும் நடக்கும். ஒரே மாலையில், ஒரே மணியில், நான்கைந்து இடங்களில் நிகழ்ச்சிகள்!

நிகழ்ச்சி நிரல் வெளியான அன்றே நம்மவர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். கைபேசியில் பட்டியல் தயாராகிறது. ஐந்தரை மணிக்கு ஒன்று, ஆறே காலுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. இடையில் தெருவில் நிற்கும் உருவங்களையும் பார்த்தாக வேண்டும். படமும் எடுத்தாக வேண்டும். வடா பாவும் தின்றாக வேண்டும். கடைசியில் சர்ச்கேட்டிலோ சத்ரபதி சிவாஜி நிலையத்திலோ வண்டியையும் பிடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் மெகா பிளாக் வேறு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாலையில் நான்கு நிகழ்ச்சி என்றால் ஒன்பது நாளில் முப்பத்தாறு. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கூட்டத்தில் நீந்திப் போகக் கால் மணி நேரம். வரிசையில் நிற்க அரை மணி நேரம். கலைக்கு மிஞ்சுவது எவ்வளவு? கச்சேரியில் ராகம் முடியும் நேரத்தில் எழுந்துவிடுகிறோம். நாடகத்தில் சிக்கல் முற்றும் நேரத்தில் நுழைகிறோம். கவிஞர் இரண்டாம் கவிதையைத் தொடங்கும்போது, அடுத்த இடத்துக்கு நேரமாயிற்றே என்று கைபேசியைப் பார்க்கிறோம். நுனிப்புல் மேய்தல் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். நுனிப்புல் மேய்ந்த மாட்டுக்கு வயிறும் நிரம்பாது. அசைபோடவும் ஒன்றும் இராது. மறுநாள் வகுப்பில் ‘எத்தனை பார்த்தாய்?’ என்று கேட்பவர் உண்டு. ‘எதைப் பார்த்தாய்?’ என்று கேட்பவரைத்தான் காணோம்.

இவ்வாறு சொல்வதால், விழாவே வேண்டாம் என்பவர் கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அக்கட்சியும் நம் வளாகத்தில் இருக்கிறது. ‘கூட்டம் மிகுந்த இடத்தில் கலை ஏது? படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள்தாம் மிகுதி’ என்று அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இதை நான் ஒப்பமாட்டேன். கூட்டத்தை இகழ்கிறவர் யாரை இகழ்கிறார் என்று சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

என்னுடன் படிக்கும் நண்பர் ஒருவர் தாராவியில் வளர்ந்தவர். அவருடைய தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக வந்தவர். நண்பர் இரண்டு ஆண்டுகளாகக் கோட்டைப் பகுதிக்கு வந்துபோகிறார். ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் வாசலை நூறு முறையாவது கடந்திருப்பார். ஒரு முறைகூட உள்ளே போனதில்லை. ஏன் என்று கேட்டேன். ‘டிக்கெட் எவ்வளவு இருக்குமோ தெரியவில்லை. உள்ளே போனால் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்பார்களோ என்று ஒரு கூச்சம்’ என்றார். அந்தக் கலைக்கூடத்தில் நுழைய ஆண்டு முழுவதும் ஒரு காசும் தர வேண்டியதில்லை என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. விழா நாளில் கூட்டத்தோடு கூட்டமாக அவர் உள்ளே போனார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நூறு நாள் உடைக்க முடியாத கூச்சத்தைக் கூட்டம் ஒரே நொடியில் உடைத்துவிட்டது.

விழாவின் பெரும்பயன் இதுவே என்பேன். பூட்டப்படாத கதவையும் பூட்டிய கதவு என்று எண்ணி விலகி நடப்பவர் இந்நகரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுள் நம்மவரும் உண்டு. அந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்று ஒன்பது நாள் உரக்கச் சொல்கிறது விழா. ஆனால், உள்ளே நுழைந்தவர் அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாயிற்று என்று மறுகணமே வெளியே ஓடினால், கதவு திறந்து என்ன பயன்?

அந்தக் கூடங்கள் நம்மைப் போன்றவர்க்கு உரியவையா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. 1947-ஆம் ஆண்டில் இந்நகரில் முற்போக்குக் கலைஞர் குழு என்று ஒன்று தோன்றியது. இந்திய ஓவியத்தின் போக்கையே மாற்றிய குழு அது. அதில் இருந்த ஆரா, ஐதராபாத்துப் பக்கத்திலிருந்து சிறுவனாக இங்கே வந்து, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். பண்டரிபுரத்தில் பிறந்த உசேன் சினிமாத் தட்டிகள் வரைந்து வயிறு வளர்த்தவர். சூசா கோவாவிலிருந்து வந்தவர். ரசா மத்தியப் பகுதியின் காட்டூர் ஒன்றில் வளர்ந்தவர். பிழைக்க வந்தவர்களும் வெளியூராரும் கூடித்தான் இந்நகரின் கலைக்கு முகம் கொடுத்தார்கள். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் வரும் தமிழ் மாணவன் அந்தக் கூடங்களில் கூசி நிற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

அப்படியானால், விழாவை எப்படித்தான் பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்க முடியாது, விடவும் மனமில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்னும் இந்நிலைக்கு வழி என்ன?

வழி நம் ஊரிலேயே இருக்கிறது. கோயில் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். கொடியேற்றம் முதல் தீர்த்தவாரி வரை பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு வாகனம். ஒவ்வொரு நாளும் அலங்காரம், மேளம், பிரசாதம். ஒரே வீட்டார் பத்து நாளையும் தலையில் சுமப்பதுண்டா? இல்லை. இந்த நாள் இந்தத் தெருவார் மண்டகப்படி, மறுநாள் அந்த வணிகர் மண்டகப்படி என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். தத்தம் நாளில் ஒவ்வொருவரும் முழு மனத்தோடு நிற்கிறார்கள். மற்ற நாளில் முடிந்தால் எட்டிப் பார்க்கிறார்கள்; முடியாவிட்டால் வருந்துவதில்லை. எந்த வீடும் திருவிழாவைத் துரத்துவதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கிறது. தேர் நிலைக்கு வந்து சேர்கிறது.

இந்த முறையை நம் மன்றம் ஏன் கைக்கொள்ளக் கூடாது? நிகழ்ச்சி நிரல் வந்தவுடன் ஒரு மாலை கூடுவோம். இருபது பேர் இருந்தால் இருபது நிகழ்ச்சிகளைப் பிரித்துக்கொள்வோம். ஒருவர்க்கு ஒன்று, அதற்குமேல் வேண்டாம். இசை அறிந்தவர் இசைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பொறியியல் மாணவர் நடனத்துக்குப் போகட்டும். வணிகவியல் மாணவி சிற்பத்தின் முன் நிற்கட்டும். ஆனால் போனவர் தொடக்கம் முதல் முடிவு வரை இருக்க வேண்டும். சிற்பமோ ஓவியமோ ஆனால் அரைமணி நேரமாவது அதன்முன் நிற்க வேண்டும். ஒரே பொருளை அரைமணி நேரம் பார்ப்பதா என்று சிரிக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பத்தாம் நிமிடத்தில் சலிப்பு வரும். அந்தச் சலிப்பைத் தாண்டிய பிறகே, இந்தப் பக்கத்தில் ஏன் இந்த நிறம், இந்தக் கை ஏன் இவ்வளவு பெரிது என்று கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்த இடத்தில்தான் கலை தொடங்குகிறது. துரத்துகிறவர் யாரும் பத்தாம் நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

விழா முடிந்த மறுவாரம் மீண்டும் கூடுவோம். தேநீர் போதும், மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், தலைமையுரையும் வேண்டாம். ஒவ்வொருவரும் தாம் கண்டதைப் பத்து நிமிடம் தமிழில் சொல்லட்டும். இருபது பேர் சொன்னால் இருபது நிகழ்ச்சிகள் மன்றத்துக்கு வந்து சேரும். தனியொருவன் நாலு நாள் ஓடியும் பெற முடியாததை, ஆளுக்கொரு மாலை அமர்ந்து இருபது பேரும் பெறுவோம்.

தமிழில் சொல்ல வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்நகரில் ஓவியத்தைப் பற்றிய பேச்சு பெரிதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. மராத்தியிலும் இந்தியிலும் நடக்கிறது. நமக்கோ, கண்டதைச் சொல்லத் தமிழில் வார்த்தை வருவதில்லை. ‘நன்றாக இருந்தது’ என்பதோடு நின்றுவிடுகிறோம். சங்கீதத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் நம் பாட்டிகூட பிருகா என்பாள், கமகம் என்பாள், தாளம் தப்பிற்று என்பாள். ஓவியத்தைப் பற்றிப் பேச நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. வீட்டிலே அம்மாவுக்கும் தம்பிக்கும் நாம் பார்த்ததை விளக்கிச் சொல்ல முடியாதவரை, அந்தக் கூடம் நமக்கு அயல் வீடாகத்தான் இருக்கும். பத்து நிமிடப் பேச்சு ஒரு பயிற்சி. தடுமாறட்டும், தடுமாறித்தான் நடை பழக வேண்டும்.

‘பிறர் சொல்லக் கேட்பது நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஈடாகாது. ஆனால், கால் பங்கு பார்த்து முக்கால் பங்கு மறந்ததைக் காட்டிலும், முழுதும் பார்த்தவர் வாயால் கேட்பது மேல். மேலும், விழாவில் தவறியது வாழ்க்கையில் தவறியது ஆகாது. நல்ல நாடகம் ஒரு நாளோடு முடிந்துவிடுவதில்லை. ஜுகுவில் பிருத்வி அரங்கம் 1978-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. தோட்டத்தில் பேசிய எழுத்தாளரின் நூல் கடையிலும் நூலகத்திலும் கிடைக்கிறது. ஓவியர் மறுபடியும் கண்காட்சி வைப்பார். எதைத் தேடிப் போக வேண்டும் என்பதை நண்பர் பேச்சிலிருந்து அறிந்துகொண்டால், தேடிப் போக ஆண்டு முழுவதும் இருக்கிறது.

ஆண்டு முழுவதும் என்றேன். அதுவே என் கடைசி வேண்டுகோள். விழா ஒன்பது நாள். அது போக ஆண்டில் முந்நூற்றைம்பத்தாறு நாள் இருக்கின்றன. அந்நாட்களில் காலா கோடா எங்கும் போய்விடுவதில்லை. 1952-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் வாரத்துக்கொரு முறை புதிய ஓவியங்கள் வருகின்றன. அதன் வாசல் நடைபாதையில் ஓவியர்கள் தம் படங்களைச் சாய்த்து வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார்கள்; கேட்டால் மகிழ்ந்து பேசுவார்கள். 1911-ஆம் ஆண்டில் எழுந்த கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தில் 1996 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது. 1922-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் எதிரே இருக்கிறது. பின்னவை இரண்டுக்கும் கட்டணம் உண்டு. ஆனால் வாரநாள் ஒன்றில் போனால், ஒரு சிலையின் முன் நீங்கள் எவ்வளவு நேரம் நின்றாலும் முதுகில் இடிக்க ஒருவரும் இரார். 2025 அக்டோபரில் சுரங்க ரயில் பாதை முழுவதும் திறந்தபின், தாராவி நிலையத்தில் ஏறுகிறவர் வண்டி மாறாமலே ஹுதாத்மா சௌக்கில் இறங்கலாம். தொலைவு என்று சொல்லித் தப்பிக்கவும் இனி இடமில்லை.

இந்நகரத் தமிழர்க்கு ஆண்டு முழுதும் கலையோடு வாழ்வது புதிதன்று. ஜஹாங்கீர் கலைக்கூடம் திறந்த அதே 1952-ஆம் ஆண்டில்தான் சண்முகானந்தா சபையும் தோன்றியது. 1963-இல் அவர்கள் எழுப்பிய அரங்கம் நாடறிந்தது. 1990-இல் தீயால் அது பாழானபோதும் சோர்ந்துவிடவில்லை, மீண்டும் எழுப்பினார்கள். ஒரு வார ஆரவாரத்தை நம்பியிருந்தால் அது நடந்திருக்குமா? மாதந்தோறும் கச்சேரி, மாதந்தோறும் வந்து அமரும் ரசிகர் என்ற பழக்கம் இருந்தது. இசைக்கு நம் பெரியவர்கள் செய்ததை, ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நாடகத்துக்கும் நம் தலைமுறை செய்ய வேண்டாமா?

ஆகவே, செயற்குழுவுக்கு என் யோசனை மூன்று. விழா நிகழ்ச்சிகளை மண்டகப்படி போலப் பங்கிட்டுக்கொள்வோம். கண்டதைத் தமிழில் சொல்லவும், அவற்றுள் நல்லதை இந்த இதழில் எழுதவும் ஒரு மாலை ஒதுக்குவோம். விழா முடிந்த பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை ஏதேனும் ஒரு கலைக்கூடத்துக்குப் போவோம். அப்படிப் போகும்போது வீட்டிலுள்ள தம்பி தங்கையரையும் அழைத்துவர வேண்டும் என்று விதியே செய்துவிடலாம். கூச்சம் குடும்பச் சொத்துப் போல மூத்தவரிடமிருந்து இளையவர்க்கு இறங்குகிறது. மூத்தவர் கை பிடித்து ஒரு முறை உள்ளே அழைத்துப் போனால், பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கூச்சம் பிறகு என்றும் வராது.

அடுத்த விழாவில் எல்லாவற்றையும் பார்த்தேன் என்று ஒருவர் பெருமை பேசினால், அவரை வாழ்த்தி அனுப்பிவிடுவோம். ஒன்றைப் பார்த்தேன், அதைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஒருவர் வந்தால், அவர்க்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, உட்காரவைத்துக் கேட்போம், நண்பர்களே!